விழித்திரையில் பிம்பம் தலைகீழாக விழுகிறது என்றால், உலகம் நமக்கு ஏன் நேராகத் தெரிகிறது?

#1 | பொதிகைச்சாரல்

அனைவருக்கும் வணக்கம். பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள் கேட்ட ஒரு கேள்விக்கு என்னால் மனநிறைவோடு விடை சொல்ல முடியவில்லை என்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

கண்ணைப் பற்றிய பாடத்தில் ஓர் ஒளிக்கதிர்ப் படம் வருகிறது. மரத்தின் உச்சியிலிருந்து புறப்படும் கதிர் விழித்திரையின் அடிப்பகுதியிலும், வேர்ப்பக்கத்திலிருந்து வரும் கதிர் மேற்பகுதியிலும் விழுவதாக அதில் வரைந்திருக்கிறார்கள். பிம்பம் தலைகீழாகத்தான் விழுகிறது, மூளை அதை நேராகத் திருப்பிக்கொள்கிறது என்று வகுப்பில் சொன்னார்களாம். வீட்டுக்கு வந்தவள், "அப்பா, மூளைக்குள் யார் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்துத் திருப்புகிறார்கள்? திருப்புகிறவருக்கும் ஒரு கண் வேண்டும் அல்லவா?" என்று கேட்டாள்.

அன்று மாலை வீட்டிலிருந்த உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து, அறை விளக்கை அணைத்துவிட்டு, சன்னலுக்கு எதிர்ச்சுவரின் அருகே பிடித்துக் காட்டினேன். எதிர்வீட்டு மொட்டை மாடியும், அங்கே கொடியில் காய்ந்துகொண்டிருந்த பச்சைச் சேலையும், பக்கத்துத் தென்னையும் உள்ளங்கை அளவில் சுவரில் தலைகீழாக விழுந்தன. காற்றில் தென்னை ஆடியபோது சுவரிலிருந்த தென்னையும் ஆடியது. பிம்பம் தலைகீழாக விழுகிறது என்பதில் அவளுக்கு ஐயம் தீர்ந்தது. ஆனால் கேள்வி அப்படியே இருக்கிறது. இத்துறையை அறிந்தவர்கள் பொறுமையுடன் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

#2 | மூக்குக்கண்ணாடி

வணக்கம் ஐயா. மதுரையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கண் பரிசோதனை செய்து வருகிறேன். மூளையைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. கண்ணுக்குள் ஒளி வரும் வழியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பாடப்படத்தைப் பார்க்கும் பிள்ளைகள் ஒளியை வளைப்பது முழுவதும் உள்ளே இருக்கும் லென்ஸ்தான் என்று எண்ணிக்கொள்கிறார்கள். கண்ணின் மொத்த வளைக்கும் திறன் ஏறக்குறைய 60 டயாப்டர். அதில் 43 டயாப்டர் அளவு, அதாவது மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல், கண்ணின் முன்புறத்தில் கடிகாரக் கண்ணாடி போல் வளைந்திருக்கும் கார்னியாவினுடையது. நடுவில் அரை மில்லிமீட்டர் கனமே உள்ள, இரத்தக் குழாய் ஒன்றுகூட இல்லாத அந்தப் படலம்தான் பெரிய வேலையைச் செய்கிறது. கிணற்றில் குதித்து நீருக்குள் கண்ணைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது அனுபவத்தில் தெரியும். எதிரே உள்ள படிக்கல்லின் விளிம்புகூடக் கரைந்துபோய்த் தெரியும். கார்னியாவின் ஒளிவிலகல் எண்ணும் நீரின் எண்ணும் ஏறத்தாழ ஒன்றாக இருப்பதால், நீருக்குள் கார்னியா தன் திறனைப் பெரும்பாலும் இழந்துவிடுகிறது. நீச்சல் கண்ணாடி அணிந்தால் கண்ணுக்கு முன்னே மறுபடியும் காற்று வந்துவிடுகிறது, பார்வையும் தெளிந்துவிடுகிறது.

உள்ளே இருக்கும் லென்ஸின் சிறப்பு, அது தன் வடிவத்தை மாற்றிக்கொள்வதில் இருக்கிறது. அருகில் பார்க்கும்போது சுற்றியுள்ள சிலியரித் தசை சுருங்க, லென்ஸை இழுத்துப் பிடித்திருக்கும் நுண்ணிழைகள் தளர்ந்து, லென்ஸ் உருண்டு திரள்கிறது. வயது ஏற ஏற லென்ஸ் இறுகிப்போவதால், நாற்பதை ஒட்டி வெள்ளெழுத்து வந்து, செய்தித்தாளைக் கை நீட்டிப் பிடித்துப் படிக்கத் தொடங்குகிறோம்.

இன்னொன்றையும் மகளுக்குச் சொல்லுங்கள். கண்ணின் நடுவிலுள்ள துளையை நாம் கண்பாவை என்கிறோம். ஒருவர் கண்ணை மிக அருகில் உற்றுப் பார்த்தால், அதில் நம் உருவம் ஒரு சிறு பொம்மையாக நேராக நிற்கும்; அந்தப் பொம்மைதான் பாவை. அது கார்னியாவின் குவிந்த மேற்பரப்பு கண்ணாடி போல் பிரதிபலிப்பதால் உண்டாவது. அதே ஒளியில் ஒரு பகுதி லென்ஸின் பின்பரப்பு வரை சென்று திரும்பும்போது, அப்பரப்பு குழியாடி போல் இருப்பதால், தலைகீழான மிகச் சிறிய மங்கலான ஓர் உருவத்தை உண்டாக்குகிறது. இருட்டறையில் மெழுகுவர்த்தியை நோயாளியின் கண்ணெதிரே மேலும் கீழும் அசைத்தால், நேரான சுடர்கள் அதனுடன் சேர்ந்து அசைவதையும் இந்த ஒரு சுடர் மட்டும் எதிர்த்திசையில் அசைவதையும் காணலாம். செக் நாட்டு உடலியல் அறிஞர் புர்க்கின்யே 1823-இல் இவற்றை விளக்கினார்.

உங்கள் மகள் வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனையும் இருக்கிறது. தடித்த அட்டையில் ஊசியால் ஒரு துளையிட்டு, கண்ணிலிருந்து மூன்று நான்கு சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, அதன் வழியே வெளிச்சமான வானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சூரியனை மட்டும் பார்க்கக் கூடாது. பிறகு ஒரு குண்டூசியை, கூர்முனை விரல்களுக்குள் இருக்க, கொண்டை மேலே தெரியும்படி அட்டைக்கும் கண்ணுக்கும் நடுவே, இமைமயிரைத் தொடும் அளவுக்கு அருகில் நிறுத்த வேண்டும். நீங்கள் உடனிருந்து செய்யுங்கள். என்ன தெரிந்தது என்று இங்கே எழுதுங்கள். விளக்கத்தைப் பிறகு பேசலாம்.

#3 | நிரலாளன்

மூளை திருப்புகிறது என்று சொல்வதில் என்ன தவறு என்று எனக்கு விளங்கவில்லை. கைப்பேசிக் கேமராவிலும் உணரியின் மேல் படம் தலைகீழாகத்தான் விழுகிறது. மென்பொருள் அந்தப் புள்ளிகளை வரிசை மாற்றி வாசித்துத் திரையில் நேராகக் காட்டுகிறது. திருப்புவதற்கு உள்ளே ஒரு ஆள் உட்கார வேண்டிய தேவையில்லை. வரிசை மாற்றும் கணக்கு போதும். மூளையும் அத்தகைய கணக்கைச் செய்கிறது என்று கொண்டால் அந்தக் குழந்தையின் கேள்விக்கு விடை கிடைத்துவிடுகிறது.

இதற்குச் சான்றும் உண்டு. 1890-களில் ஜார்ஜ் ஸ்ட்ராட்டன் என்ற அமெரிக்க உளவியலாளர், உலகைத் தலைகீழாக்கிக் காட்டும் லென்ஸ்களைப் பல நாட்கள் அணிந்திருந்தார். சில நாட்களில் அவருக்கு உலகம் நேராகத் தெரியத் தொடங்கியது என்று படித்திருக்கிறேன். மூளையில் திருப்பும் ஏற்பாடு இல்லாவிட்டால் அது எப்படி நடந்திருக்கும்?

#4 | மாவலி

வணக்கம். நான் மட்டக்களப்பில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் கற்பிப்பவர். எங்கள் பாடநூல்களில் ஐரிஸைக் கதிராளி என்றும், லென்ஸை வில்லை என்றும், பிம்பத்தை விம்பம் என்றும் எழுதுவோம். இங்கே கூடியவரை எல்லோருக்கும் பழகிய சொற்களையே பயன்படுத்துகிறேன்.

நிரலாளன் அவர்களின் ஒப்புமை கேமராவுக்குப் பொருந்தும். ஏனென்றால் கேமராவின் முடிவில் ஒரு திரை இருக்கிறது, அதை ஒரு மனிதர் பார்க்கிறார். படத்தைத் திருப்ப வேண்டிய தேவை அந்தத் திரையாலும் அந்த மனிதராலும் வருகிறது. மூளையில் அப்படி ஒரு திரை எந்த இடத்தில் இருக்கிறது என்று தேடிப் பார்த்தால், பிள்ளையின் கேள்வி எவ்வளவு சரியான கேள்வி என்பது புரியும்.

முதலில் விழித்திரையையே எடுத்துக்கொள்வோம். அதை ஒரு வெள்ளைத் திரை என்று எண்ணிக்கொள்வதே பிழை. ஒளியை உணரும் கோல்களும் கூம்புகளும் விழித்திரையின் பின்பக்கத்தில், ஒளிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒளி அவற்றை அடைவதற்கு முன் நரம்பிழைகளையும் வேறு பல கலங்களையும் (செல்களையும்) கடந்து வர வேண்டியிருக்கிறது. மிகக் கூர்மையாகப் பார்க்கும் நடுக்குழியில் மட்டும் இந்த மேலடுக்குகள் ஒதுங்கி வழிவிடுகின்றன. அங்கே கூம்புகள் மட்டும் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒளிபட்டதும் நடப்பதும் நாம் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறானது. இருட்டில் இக்கலங்கள் இடைவிடாமல் சமிக்ஞைப் பொருளைச் சுரந்துகொண்டே இருக்கின்றன. விட்டமின் ஏ-யிலிருந்து வரும் ரெட்டினால் என்ற சிறு மூலக்கூறு ஒளியை உறிஞ்சியதும் வளைந்த நிலையிலிருந்து நிமிர்கிறது. அந்த ஒரு நிமிர்வின் விளைவாகச் சுரப்பு குறைகிறது. ஒளி என்பதைக் கண் ஒரு குறைவாகத்தான் முதலில் அறிகிறது. இந்த வேதியியலை வெளிப்படுத்தியதற்காக ஜார்ஜ் வால்ட் 1967-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

1990-இல் வெளியான எண்ணிக்கையின்படி, ஒரு விழித்திரையில் சராசரியாக 9 கோடிக்கு மேற்பட்ட கோல்களும் 46 இலட்சம் அளவிலான கூம்புகளும் இருக்கின்றன. ஆனால் கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பில் உள்ள இழைகள் பத்துப் பன்னிரண்டு இலட்சமே. ஆகவே புள்ளிக்குப் புள்ளியாக ஒரு படம் மூளைக்குப் போவதில்லை. எங்கே விளிம்பு இருக்கிறது, எங்கே அசைவு இருக்கிறது, எந்த நிறம் எந்த நிறத்தோடு மாறுபடுகிறது என்ற செய்திகளை விழித்திரையே பிரித்தெடுத்து அனுப்புகிறது. அந்த இழைகள் சேர்ந்து வெளியேறும் இடத்தில் கோலும் இல்லை, கூம்பும் இல்லை, அதுதான் குருட்டுப்புள்ளி. ஒவ்வொரு கண்ணிலும் இவ்வளவு பெரிய ஓட்டை இருந்தும், பிரான்சில் எட்ம் மரியோட் 1660-களில் கண்டறிந்து சொல்லும் வரை ஒருவருக்கும் அது தெரியவில்லை. உள்ளே யாரோ ஒருவர் படம் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த ஓட்டை அவர் கண்ணில் எப்போதோ பட்டிருக்கும் அல்லவா?

இனி மூளைக்கு வருவோம். இரு கண்களின் மூக்குப்பக்க இழைகள் ஒன்றையொன்று கடந்து மறுபக்கம் போகின்றன. அதனால் நமக்கு வலப்புறம் உள்ள உலகம் முழுவதும் இட மூளைக்கும், இடப்புறம் உள்ளது வல மூளைக்கும் சென்று சேர்கிறது. தலையின் பின்புறத்தில், மூளையின் மேலடுக்கான புறணியில், பார்வைச் செய்தி முதலில் வந்து சேரும் முதல்நிலைப் பார்வைப் புறணியில் உலகத்தின் ஒரு வரைபடம் உண்மையாகவே இருக்கிறது. அதை மனிதரில் முதலில் ஒழுங்காக வரைந்தவர்களில் ஒருவர் தாட்சுஜி இனோயே என்ற ஜப்பானியக் கண் மருத்துவர். 1904-05 ரஷ்ய ஜப்பானியப் போரில் புதிய வகைத் துப்பாக்கிகளின் சிறிய, வேகமான குண்டுகள் மண்டையோட்டைத் துளைத்து மறுபக்கம் வெளியேறியும் வீரர்கள் பலர் உயிர் பிழைத்திருந்தார்கள். அவர்களுக்குப் பார்வை எவ்வளவு போயிருக்கிறது என்று கணக்கிடும் பணி இனோயேயிடம் வந்தது. குண்டு நுழைந்த இடத்தையும் வெளியேறிய இடத்தையும் அளந்து, பார்வையில் எந்தப் பகுதி அழிந்திருக்கிறது என்பதோடு ஒப்பிட்டு, 1909-இல் அவர் அந்த வரைபடத்தை வெளியிட்டார்.

அந்த வரைபடத்தில் மேலுலகம் எங்கே இருக்கிறது தெரியுமா? கால்கரைன் என்ற பிளவின் கீழ்க்கரையில் இருக்கிறது. கீழுலகம் மேற்கரையில் இருக்கிறது. அதாவது, மூளையின் புறணியை அடைந்த பிறகும் அது தலைகீழாகவே இருக்கிறது. அதோடு நடுவில் இரண்டாகப் பிளந்து, நாம் உற்றுப் பார்க்கும் சிறு பகுதி மட்டும் பெரிதாக உப்பியும், ஓரங்கள் சுருங்கியும் இருக்கிறது. பார்வையின் நடுப்பகுதியில் பத்துப் பாகை வட்டத்துக்கே அந்தப் புறணியின் பாதிக்கு மேற்பட்ட பரப்பு ஒதுக்கப்பட்டிருக்கிறது. மூளை படத்தை நேராக்குகிறது என்றால் இந்தப் பிளவையும் உப்பலையும் முதலில் சரிசெய்திருக்க வேண்டும். அது எதையும் சரிசெய்யவில்லை. சரிசெய்ய வேண்டிய தேவையும் அதற்கு இல்லை. ஏனென்றால் அந்த வரைபடத்தை அங்கே யாரும் பார்ப்பதில்லை. கைகளையும் கால்களையும் கண்களையும் இயக்கும் மற்ற பகுதிகள் அதிலிருந்து செய்தி பெறுகின்றன, அவ்வளவுதான்.

#5 | கீழ்வானம்

மாவலி அவர்களின் விளக்கத்திற்கு மிக்க நன்றி. நான் விழித்திரை மருத்துவத்தில் மேற்பயிற்சி பெற்று வருபவள். ஸ்ட்ராட்டன் சோதனையைப் பற்றிச் சில திருத்தங்களைச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் அது பல இடங்களில் மிகைப்படுத்தியே சொல்லப்படுகிறது.

1897-இல் வெளியான இரண்டாவது சோதனையில் அவர் எட்டு நாட்கள், ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு, மற்றொரு கண்ணின் முன் அந்த லென்ஸ் குழலை அணிந்திருந்தார்; இரவில் இரு கண்களையும் கட்டிக்கொண்டார். முதல் நாட்களில் ஒரு குவளையில் பாலை ஊற்றுவதுபோன்ற செயல்கூடப் பெரும்பாடாக இருக்கும் நிலை. நாட்கள் செல்லச் செல்லக் கை தவறாமல் போகத் தொடங்கியது. உலகம் நேராக இருப்பதாக அவர் சொன்னது, சுறுசுறுப்பாக நடமாடிக்கொண்டிருந்த சில வேளைகளைப் பற்றியே. நின்று தன் உடலைப் பற்றி நினைத்தால் அந்த உணர்வு மாறிவிடும். பின்னாளில், 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், தலைகீழாக்கும் கண்ணாடியை நாள்கணக்கில் அணிந்தவர்கள் திறமையாகச் செயல்படக் கற்றுக்கொண்டார்கள். ஆனால் உலகம் நேராகத் திரும்பிவிட்டதாக அவர்களுக்குத் தெரியவில்லை. ஆகவே அவர்களிடம் மாறியது, கண்ணுக்கும் கைக்கும் இடையிலான உறவுதான்; உள்ளே இருந்த படம் புரண்டதாகச் சொல்லச் சான்று இல்லை.

இது எனக்கு நன்றாகப் புரிவதற்குக் காரணம் என் அன்றாட வேலை. தலையில் விளக்கை மாட்டிக்கொண்டு, கையில் 20 டயாப்டர் லென்ஸைப் பிடித்து நோயாளியின் விழித்திரையைப் பார்க்கும்போது, எங்களுக்குத் தெரிவது மேல்கீழும் இடவலமும் மாறிய பிம்பம். பயிற்சியின் முதல் மாதங்களில், வரைதாளை நோயாளியின் மார்பின் மேல் தலைகீழாக வைத்துக்கொண்டு, கண்டதைக் கண்டபடி வரைவோம். தாளை நிமிர்த்தினால் எல்லாம் சரியான இடத்தில் அமைந்துவிடும். அந்த நாட்களில் ஓரத்திலுள்ள ஒரு கிழிசலை நோக்கிச் செல்ல நினைத்து எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுவேன். இப்போது என் தலையும் கையும் தாமாகவே சரியான பக்கம் போகின்றன. ஆனாலும் பிம்பம் இன்றைக்கும் தலைகீழாகத்தான் இருக்கிறது. அது ஒருநாளும் எனக்காக நிமிர்ந்து கொள்ளவில்லை.

#6 | பழஞ்சுவடி

இந்தத் தவிப்பு ஆயிரம் ஆண்டுப் பழமையுடையது என்பதைப் பொதிகைச்சாரல் அவர்களின் மகளிடம் சொல்லலாம். பாஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-ஹைதம், பொருளிலிருந்து ஒளி கண்ணுக்குள் வருவதால்தான் பார்க்கிறோம் என்று பதினொன்றாம் நூற்றாண்டில் உறுதிப்படுத்தியவர். அவ்வளவு தெளிவாகச் சிந்தித்தவரும், கதிர்கள் குறுக்கே கடந்தால் பிம்பம் கவிழ்ந்துவிடுமே என்பதால், லென்ஸின் முன்பரப்பிலேயே பார்வை உணரப்படுகிறது என்று கொண்டார். 1604-இல் வானியல் அறிஞர் கெப்ளர்தான் கணக்கு எங்கே கொண்டுபோகிறதோ அங்கே போகத் துணிந்தார். பிம்பம் விழித்திரையில்தான் விழுகிறது, தலைகீழாகத்தான் விழுகிறது என்று எழுதிவிட்டு, அதற்குப் பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்பதை இயற்கைத் தத்துவ அறிஞர்கள் ஆராயட்டும் என்று விட்டுவிட்டார். வானியலாளர் ஷைனரும் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் டேக்கார்ட்டும் எருதின் கண்ணை எடுத்து, பின்சுவரைச் சுரண்டி மெல்லிதாக்கி, அங்கே விழும் கவிழ்ந்த பிம்பத்தைக் காட்டினார்கள்.

1637-இல் டேக்கார்ட் சொன்ன ஓர் எடுத்துக்காட்டு, இந்த இழையின் கேள்விக்கு நான் அறிந்தவற்றில் மிக அழகான விடை. பார்வையற்ற ஒருவர் இரண்டு கைகளிலும் இரண்டு கோல்களைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். வலக்கையில் உள்ள கோல் ஒரு கல்லில் தட்டினால், கல் இடப்பக்கம் இருக்கிறது என்று அவர் அறிந்துகொள்கிறார். அதற்காக அவர் தன் கைகளை மனத்துக்குள் இடம் மாற்றிக்கொள்வதில்லை. கோல் எந்தப் பக்கம் நீள்கிறது என்பது அவருக்குத் தெரியும், அது போதும்.

#7 | செம்பருத்தி

நான் மருத்துவமோ அறிவியலோ படித்தவள் அல்லள். என் அனுபவம் இந்த இழைக்குப் பயன்படும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் எனக்கு விழித்திரை விலகிவிட்டது. பக்கவாட்டில் மின்னல் போன்ற ஒளிக்கீற்றுகளும், கொசு பறப்பது போன்ற கரும்புள்ளிகளும் திடீரெனப் பெருகின. மறுநாள் ஓரத்திலிருந்து ஒரு திரை இறங்குவதுபோல் பார்வை மறைந்தது. அறுவை செய்து, கண்ணின் உள்ளே இருந்த கூழ்மத்தை எடுத்துவிட்டு, விழித்திரையைச் சுவரோடு சேர்த்து அழுத்திப் பிடிப்பதற்காக வாயுவை நிரப்பினார்கள். பல நாட்கள் முகத்தைக் குப்புற வைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. வாயு இருக்கும் வரை விமானத்தில் ஏறக்கூடாது என்று கையில் ஒரு பட்டையும் கட்டினார்கள்.

ஒரு வாரம் கழித்து நிமிர்ந்து உட்கார்ந்தபோது, என் பார்வையின் உச்சியில் ஒரு கோடு தெரிந்தது. கோட்டுக்கு மேலே சுவரும் கடிகாரமும் தெளிவாகத் தெரிந்தன. கோட்டுக்குக் கீழே எல்லாம் கலங்கல். தலையை அசைத்தால், கொத்தனாரின் ரசமட்டத்தில் குமிழி அலைவதுபோல் அந்தக் கோடு அலைந்து மறுபடி மட்டமாக நின்றது. நாள்தோறும் அது சிறிது சிறிதாகக் கீழே இறங்கியது. முடிவில் ஒரு சிறிய கரிய வட்டமாகப் பார்வையின் அடியில் சில நாள் உருண்டுகொண்டிருந்து, மூன்றாவது வாரத்தில் மறைந்தது.

வாயு கீழே தங்கியிருக்கிறது என்று மருத்துவரிடம் சொன்னேன். அவர் புன்னகைத்து, "வாயு எப்போதும் மேலேதான் மிதக்கும் அம்மா, உங்களுக்குத்தான் அது கீழே தெரிகிறது" என்றார். அன்று புரியாதது இந்த இழையைப் படித்தபோதுதான் புரிந்தது. கண்ணின் மேற்பகுதியில் எது தொட்டாலும் நான் அதைக் கீழே இருப்பதாகவே காண்கிறேன். திடீரென மின்னல் கீற்றும் திரையும் தெரிந்தால், வலி இல்லையே என்று யாரும் காத்திருக்க வேண்டாம். எனக்கும் வலி சிறிதும் இருக்கவில்லை.

#8 | பொதிகைச்சாரல்

செம்பருத்தி அம்மா, உங்கள் பதிவை என் மகள் இருமுறை படித்தாள். நலமுடன் இருக்கிறீர்கள் என்று நம்புகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மொட்டை மாடியில் குண்டூசிச் சோதனையைச் செய்தோம். அஞ்சலட்டையில் துளையிட்டு வடக்கு வானத்தைப் பார்த்தோம். துளை, பார்வையில் ஒரு வெளிச்ச வட்டமாக விரிந்து தெரிந்தது. நான் பச்சைக் கொண்டை வைத்த குண்டூசியைக் கீழிருந்து மெதுவாக உயர்த்தினேன். மகள், "மேலேயிருந்து ஏதோ நிழல் இறங்குகிறது" என்றாள். கொண்டை கீழே தொங்க, ஊசி மேலேயிருந்து நீண்டு, முழுவதும் தலைகீழாக இருந்தது. நானும் பார்த்தேன். என் விரல்கள் ஊசியைக் கீழே பிடித்திருக்கின்றன என்று கை சொல்கிறது. கண்ணோ அதை மேலே காட்டுகிறது. ஊசியை இடப்பக்கம் நகர்த்தினால் நிழல் வலப்பக்கம் போனது.

மூக்குக்கண்ணாடி அவர்கள் இன்னும் விளக்கம் எழுதாததால் நாங்களே யோசித்துப் பார்த்தோம். துளை கண்ணுக்கு மிக அருகில் இருப்பதால் அதிலிருந்து வரும் விரிந்த ஒளியைக் கண்ணால் ஒரு புள்ளியில் குவிக்க முடியவில்லை. ஆகவே கதிர்கள் குறுக்கே கடப்பதற்கு முன்பே விழித்திரையில் பட்டுவிடுகின்றன. ஊசியின் நிழல் அங்கே நேராகவே விழுகிறது. நேராக விழுந்தது நமக்குத் தலைகீழாகத் தெரிகிறது! இந்த முடிவு சரியா?

பிறகு அவளே இன்னொன்றைக் கண்டுபிடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு, காதுப்பக்க ஓரத்தில் இமையின் மேல் விரல்நுனியை மிக மெல்ல வைத்து அழுத்தினால், மூக்குப்பக்கத்தில் மங்கிய வளையம் ஒன்று தோன்றுகிறது. ஒளியே இல்லாமலும் அது எதிர்ப்பக்கத்தில்தான் தோன்றுகிறது.

#9 | மூக்குக்கண்ணாடி

மிகச் சரியான முடிவு ஐயா. நான் எழுதியிருந்தாலும் இதற்கு மேல் சொல்லியிருக்க முடியாது. விழித்திரையின் மேற்பகுதியில் நடப்பதெல்லாம் கீழே, இடப்பகுதியில் நடப்பதெல்லாம் வலப்பக்கம் என்று ஓர் ஒப்பந்தம் நிலையாக இருக்கிறது. அங்கே வந்தது லென்ஸ் குவித்த பிம்பமா, ஊசியின் நிழலா, வாயுக் குமிழியா, விரலின் அழுத்தமா என்று அந்த ஒப்பந்தம் விசாரிப்பதில்லை. கண்ணை மட்டும் தயவுசெய்து அடிக்கடி அழுத்திப் பார்க்க வேண்டாம். கிட்டப்பார்வை அதிகமுள்ளவர்கள் அதைச் செய்யவே கூடாது.

#10 | நிரலாளன்

குண்டூசிச் சோதனையை நானும் செய்து பார்த்தேன். திருப்புதல் என்ற சொல்லை நான் விட்டுவிடுகிறேன். அந்தச் சொல் முதலில் ஒரு நேரான படத்தையும், அதைக் காணும் ஒருவரையும் தன்னோடு இழுத்து வந்துவிடுகிறது என்பதை ஏற்கிறேன். விழித்திரையின் ஒவ்வோர் இடமும் வெளியில் ஒரு திசையின் முகவரி என்று கொண்டால் போதும் என்று தோன்றுகிறது.

ஆனால் ஒரு கேள்வி எஞ்சியிருக்கிறது. அந்த முகவரிகள் பிறக்கும்போதே எழுதப்பட்டவையா, அல்லது தொட்டும் தவழ்ந்தும் கற்றுக்கொண்டவையா? பிறந்த குழந்தைக்கு உலகம் தலைகீழாகத் தெரியும் என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

#11 | மாவலி

குழந்தைக்கு உலகம் தலைகீழாகத் தெரியும் என்ற பேச்சும் அதே பழைய பிழையிலிருந்து வருவதுதான். குழந்தையின் மூளைக்குள்ளும் படம் பார்ப்பவர் எவரும் இல்லை.

முகவரிகளைப் பற்றிய கேள்வி ஆழமானது. 1940-களில் அமெரிக்க நரம்பியல் அறிஞர் ரோஜர் ஸ்பெரி, தவளை முதலிய நீர்நில விலங்குகளின் கண்ணை 180 பாகை சுழற்றிவைத்துப் பார்த்தார். அவ்விலங்குகளில் வெட்டிய பார்வை நரம்பும் மீண்டும் வளரக்கூடியது. வளர்ந்த இழைகள் தம் பழைய இடங்களையே தேடிச் சென்று சேர்ந்தன. அதனால் பூச்சியை மேலே காட்டினால் தவளை கீழே பாய்ந்தது. எத்தனை முறை ஏமாந்தும் அது திருந்தவில்லை. தவளையிடம் முகவரிகள் வளர்ச்சியிலேயே எழுதப்பட்டுவிடுகின்றன என்று இதிலிருந்து அறிகிறோம். மனிதரிலும் விழித்திரைக்கும் புறணிக்கும் இடையிலான அடிப்படை வரைபடம் பிறப்பதற்கு முன்பே அமைந்துவிடுகிறது; ஆனால் அதைக் கையோடும் தொடுகையோடும் பொருத்திக்கொள்வதில் கற்றலுக்குப் பெரும் இடம் இருக்கிறது. கீழ்வானம் அவர்களின் கை இப்போது தானாகச் சரியான பக்கம் போவதும் அதனால்தான்.

பிறவியிலேயே பார்வையற்ற ஒருவர் கோளத்தையும் கனசதுரத்தையும் தொட்டு அறிந்திருக்கிறார். பார்வை கிடைத்ததும், தொடாமல் பார்த்தே எது எது என்று சொல்வாரா என்று 1688-இல் வில்லியம் மொலினோ என்ற ஐரிஷ் அறிஞர் கேட்டார். முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பவன் சின்ஹாவின் குழுவினர் இந்தியாவில் பிறவிப் பார்வைக்குறையோடு வளர்ந்து அறுவையால் பார்வை பெற்ற ஐந்து பிள்ளைகளிடம் இதைச் சோதித்து, 2011-இல் வெளியிட்டார்கள். கட்டவிழ்த்த உடனே அவர்களால் தொட்டதைக் கண்டதோடு பொருத்த முடியவில்லை. சில நாட்களிலேயே, தனிப் பயிற்சி எதுவும் இல்லாமல், நன்றாகப் பொருத்தத் தொடங்கிவிட்டார்கள். அந்தச் சில நாட்களில் அவர்கள் கண்ட பொருட்களைக் கையில் எடுத்திருப்பார்கள், உருட்டியிருப்பார்கள், எட்டிப் பிடிக்க முயன்றிருப்பார்கள்.

#12 | பொதிகைச்சாரல்

எல்லோருக்கும் என் உளமார்ந்த நன்றி. மகள் தன் குறிப்பேட்டில் கண்படத்தை மறுபடி வரைந்து, விழித்திரையோடு நிறுத்திவிடாமல், இழைகள் கடந்து தலையின் பின்புறம் வரை போவதையும், அங்கே மேலுலகம் கீழ்க்கரையில் இருப்பதையும் குறித்திருக்கிறாள்.

நேற்று இரவு பாயில் ஒருக்களித்துப் படுத்தபடி புத்தகம் படித்துக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து, "இப்போது என் கண்ணுக்குள் கதவு படுத்துக்கொண்டுதானே இருக்கிறது? எனக்கு ஏன் அது நின்றுகொண்டிருப்பதாகவே தெரிகிறது?" என்று கேட்டாள். இதற்கும் அதே விடைதானா?

#13 | கீழ்வானம்

அதே விடைதான், அதோடு இன்னோர் உறுப்பும் சேர்கிறது. தலையைச் சாய்க்கும்போது கண்கள் சில பாகை மட்டுமே எதிர்த்திசையில் சுழன்று ஈடுகட்டுகின்றன. எஞ்சிய சாய்வு முழுவதும் விழித்திரையில் அப்படியே விழுகிறது. உட்காதில் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் பதிந்த கூழ்ப்படலம் ஒன்று, அடியிலுள்ள மயிர்க்கலங்களின் மேல் புவியீர்ப்பு இழுக்கும் பக்கம் சரிந்து, தலை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று ஓயாமல் தெரிவித்துக்கொண்டே இருக்கிறது. கழுத்துத் தசைகளும், உடலைத் தாங்கும் பாயின் அழுத்தமும் அதற்குத் துணைநிற்கின்றன. கதவு நிற்கிறதா படுத்திருக்கிறதா என்பதை மூளை இவை எல்லாவற்றையும் சேர்த்தே முடிவு செய்கிறது. உங்கள் மகளை அதே பாயில், இருட்டறையில், ஒருக்களித்துப் படுத்தபடி, தனியாக ஒளிரும் ஒரு கோட்டை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். கதவும் சுவரும் கண்ணுக்குத் தெரியக் கூடாது. செங்குத்தாக நிற்கும் அந்தக் கோடு அவளுக்குச் சற்றுச் சாய்ந்ததாகத் தோன்றக்கூடும். எந்தப் பக்கம் சாய்ந்தது என்று அவளையே எழுதச் சொல்லுங்கள்.